நீர்மட்டம் சொல்லும் கயிற்றளவு

மேட்டூர் அணையின் நீர்மட்டம் தினமும் காலையில் நாளிதழில் வந்துவிடும். நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கனஅடி, வெளியேற்றம் இத்தனை கனஅடி. தஞ்சாவூர்ப் பக்கத்தில் அதைக் குறுவைக்காகப் பார்ப்பார்கள். ஜூன் 12 அன்று அணை திறக்குமா, திறந்த தண்ணீர் கடைமடை வரை வருமா என்று. சேலத்தில் குடிநீருக்காகப் பார்ப்பார்கள். பண்ணவாடியில் அதே எண்ணை வலைக்கயிற்றுக்காகப் பார்க்கிறார்கள். நேற்றைவிட இரண்டடி இறங்கியிருந்தால், நேற்று அடிமண்ணைத் தொடாமல் நின்ற வலை இன்று எதில் போய்ச் சிக்கும் என்ற கணக்கு அந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. அந்தக் கணக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆசைப்பட்டுத்தான் மேட்டூருக்குப் பேருந்து ஏறினேன்.

ஆழத்தில் நிற்கும் மீனிடம் இரையையோ வலையையோ எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? மீன்பிடித் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மேலே துள்ளும் மீனைக் கண் காட்டிக்கொடுக்கும். நாற்பதடிக்குக் கீழே நிற்பதை எது காட்டும்? காட்டினாலும் அந்த ஆழத்தில் தூண்டிலை நிறுத்திவைப்பது எப்படி?

வட அமெரிக்காவின் பேரேரிகளில் இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. டவுன்ரிக்கர் என்று பெயர். படகின் பின்பக்கத்தில் ஒரு கப்பி, அதில் சுற்றிய மெல்லிய எஃகு வடம், வடத்தின் நுனியில் நாலைந்து கிலோ ஈயக்குண்டு. தூண்டில் நரம்பைக் குண்டின் பக்கத்தில் ஒரு கிளிப்பில் மாட்டி இரண்டையும் சேர்த்து இறக்குவார்கள். எத்தனை அடி வடம் இறங்கியது என்பதைக் கப்பியோடு இருக்கும் எண்காட்டி சொல்லும். படகு ஆள் நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். மீன் கவ்விய வேகத்தில் நரம்பு கிளிப்பிலிருந்து விடுபட்டுவிடும். பிறகு குண்டின் பாரம் நரம்பில் இருக்காது.

குண்டும் கப்பியும் வேண்டாம் என்பவர்கள் நூலுக்குள்ளேயே கனத்தை வைத்துவிடுகிறார்கள். பின்னல் நூலின் நடுவே ஈயக்கம்பி ஓடும். பத்து கஜத்துக்கு ஒரு முறை நூலின் நிறம் மாறும். எத்தனை நிறம் தண்ணீருக்குள் போனது என்று எண்ணினால் ஆழம் தெரியும். மெதுவான ஓட்டத்தில் ஒரு நிறத்துக்கு ஏறக்குறைய ஐந்தடி என்பது அங்கே வாய்ப்பாடு. முழு நூலும் ஈயமாக இருந்தால் கை ஓய்ந்துபோகும் என்பதால் இரண்டு நிறம், மூன்று நிறம், ஐந்து நிறம் எனத் துண்டாக வெட்டிச் சாதாரண நூலுக்கு நடுவே முடிந்துகொள்வதும் உண்டு. பதினைந்தடிக்கு மூன்று நிறத் துண்டு, இருபத்தைந்தடிக்கு ஐந்து நிறத் துண்டு. வேகம் கூடினால் நூல் மேலே எழும்பும், குறைந்தால் இறங்கும். ஆகவே ஆழத்தை நிர்ணயிப்பது ஈயமும் வேகமும் சேர்ந்துதான்.

இந்த யோசனை பழையது. நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டரில் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சேத் கிரீன், அமெரிக்காவில் மீன்குஞ்சு வளர்ப்பைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர். கனமான குண்டு கட்டிய ஒரே தாய்க்கயிற்றில் வெவ்வேறு ஆழத்தில் கிளைக்கயிறுகள் கட்டி, கையாலேயே இழுக்கும் முறை இன்றும் அவர் பெயரால் அந்தப் பக்கத்து ஏரிகளில் வழங்குகிறது. 1966இல் மிச்சிகன் ஏரியில் ஹோவர்டு டேனர் தலைமையில் பசிபிக் கடலின் கோஹோ சால்மன் குஞ்சுகளை விட்ட பிறகுதான் ஆழ மீன்பிடிப்பு பெருந்தொழிலானது. சால்மனுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். கோடையில் மேல்நீர் சூடேறினால் அது கீழே இறங்கிக் குளிரும் வெப்பமும் சந்திக்கும் எல்லையில் நிற்கும். அந்த எல்லையைத் தேடி இறக்கியவைதான் இந்தக் குண்டுகள் எல்லாம்.

நம்மூர்ப் பெரிய ஏரியில் இதே வேலையை எப்படிச் செய்கிறார்கள்? தமிழ்நாட்டின் மிகப்பெரிய நீர்த்தேக்கம் ஸ்டான்லி நீர்த்தேக்கம். நிறைந்தால் 93.47 டிஎம்சி. 1925இல் தொடங்கி 1934 ஆகஸ்டில் கட்டி முடித்து, அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரை வைத்தார்கள். நிறைந்திருக்கும்போது நீர்ப்பரப்பு 59 சதுர மைலுக்கு மேல். இத்தனை தண்ணீரில் ஆழம் என்பதை எதைக் கொண்டு அளக்கிறார்கள் என்று நேரில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஓமலூர், மேச்சேரி வழியாகப் பேருந்து வந்தது. மேச்சேரி தாண்டியதும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிய ஆரம்பித்துவிடும்; அணை பிறகுதான் தெரியும். மேட்டூரில் இறங்கி, பதினாறு கண் மதகைப் பார்த்துவிட்டுக் கொளத்தூர்ப் பேருந்தைப் பிடித்தேன். அணைப் பூங்காவையும் முனியப்பன் கோயிலையும் மீன் வறுவல் கடைகளையும் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் நேராகப் பண்ணவாடிக்கே வருகிறேன்.

பண்ணவாடி பரிசல் துறையிலிருந்து எதிரே தெரிவது தர்மபுரி மாவட்டத்து நாகமரை. சாலை வழியாகப் போனால் நெடுந்தூரம் சுற்ற வேண்டும் என்பதால் ஆட்களும் இருசக்கர வண்டிகளும் தண்ணீரைக் கடந்தே போய்வருகிறார்கள். அந்தத் துறையிலிருந்து கொஞ்சம் தள்ளி, வேலமரங்களுக்குக் கீழே மீனவர்களின் பரிசல்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மூங்கில் பத்தைகளை வட்டமாகப் பின்னி, அடியில் பிளாஸ்டிக் சாக்கு ஒட்டித் தார் பூசியவை பாதி. ஃபைபரில் வார்த்தவை பாதி. ஒரு பரிசலின் நிழலில் கணவனும் மனைவியுமாக வலை கட்டிக்கொண்டிருந்தார்கள். மீன்வளத்துறை உரிமம் வாங்கிப் பிடிப்பவர்கள். இந்த நீர்த்தேக்கத்தில் பெரும்பாலும் இப்படித் தம்பதியாகத்தான் பரிசல் ஏறுகிறார்கள். ஒருவர் துடுப்பு, ஒருவர் வலை. என்ன வேலையாக வந்தேன் என்று சொன்னதும் அண்ணன் சிரித்துக்கொண்டே பக்கத்தில் சாக்கு விரித்தார்.

"ஓட்டிக்கிட்டே பிடிக்கறதுங்களா? பரிசல்ல அது ஆகாதுங்க தம்பி. இது நேராப் போற வண்டி இல்லீங்க."

அவர் சொன்னதை அன்று மாலையே உணர்ந்தேன். பரிசலுக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. அடிக்கட்டையும் இல்லை. ஒரு துடுப்பு போட்டால் முன்னே நகர்வதோடு கொஞ்சம் சுழலவும் செய்யும். அதைத் திருத்த அடுத்த துடுப்பு. பின்னால் கயிறு விட்டு இழுத்தால் நாலாவது சுற்றில் கயிறு பரிசலையே சுற்றிக்கொள்ளும். தூத்துக்குடி, ராமேசுவரம் கடலில் ஓடும் படகுக்குப் பின்னே கயிறு விட்டு வஞ்சிரம் பிடிக்கிறார்கள் என்றால் அந்தப் படகுக்கு நேர்கோடு தெரியும். மேட்டூரில் ஆழத்தைப் பிடிக்க வேகத்தை நம்ப முடியாது. வலை அசையாமல் நிற்க வேண்டும். மீன்தான் ஓடி வந்து விழ வேண்டும். அப்படி நிற்கும் வலையைக் குறித்த ஆழத்தில் தொங்கவிடும் வித்தைதான் இங்கே வளர்ந்திருக்கிறது.

அதற்கு வேண்டியவை மூன்று: மேலே தூக்குவதற்கு மிதவை, கீழே இழுப்பதற்குக் கனம், இரண்டுக்கும் நடுவே அளவாக ஒரு கயிறு. மிதவைக்குக் காலி தண்ணீர் பாட்டில், தெர்மோகோல் துண்டு, எண்ணெய் கேன். ஒரு லிட்டர் காலி பாட்டில் முழுவதும் நீருக்குள் அமிழ்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ எடையைத் தாங்கும். வலைநூல் நைலான், தண்ணீரைவிடச் சற்றே கனம் என்பதால் தானாகவே மெதுவாக இறங்கும், ஆனால் விறைப்பாக நிற்காது. விறைப்புக்குக் கீழே கனம் கட்ட வேண்டும்.

எதைக் கட்டுவது என்பதில் ஒரு சின்னக் கணிதம் இருக்கிறது. ஒரு கிலோ ஈயத்தைத் தண்ணீருக்குள் எடை போட்டால் 910 கிராம் நிற்கும். ஒரு கிலோ கருங்கல்லுக்கு 630 கிராம்தான் மிஞ்சும். சுட்ட மண்குண்டு பாதிக்குப் பாதி. கரையில் கையில் தூக்கிப் பார்த்துச் சொல்லும் கனம் வேறு, தண்ணீருக்குள் வேலை செய்யும் கனம் வேறு. அண்ணனுக்கு இந்த எண்கள் எதுவும் தேவைப்படவில்லை. "கல்லுன்னா மூணு, ஈயம்னா ரெண்டு" என்றார். 910க்கும் 630க்கும் உள்ள விகிதம் கிட்டத்தட்ட அதேதான். காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டு அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

கனத்தை வலை முழுக்க ஒரே சீராகக் கட்டுவதில்லை என்பதை அவர் கை போகும் இடங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இரு முனைகளிலும் தலையளவு கல், அவைதான் நங்கூரம். நடுவே கீழ்க்கயிற்றில் சில பாகம் இடைவெளி விட்டுச் சின்னச் சின்ன ஈயத் துண்டுகள். முனையை நெருங்க நெருங்க அவை நெருக்கமாகும், நடுவில் அரிதாகும். ஏன் என்று கேட்டேன்.

"நடுவுல இறுக்கிக் கட்டினா வலை பலகை மாதிரி நிக்கும். மீனு மோதிட்டுத் திரும்பிடும். கொஞ்சம் தொளதொளன்னு இருந்தாத்தான் செவுள் மாட்டும், மாட்டாட்டியும் ஒடம்பு சுத்திக்கும்."

மேட்டூரில் நெடுங்காலமாகப் புழங்கிய ரங்கூன் வலைக்குக் கீழ்க்கயிறே கிடையாது. மேல்கயிற்றிலிருந்து வலை சும்மா தொங்கும். மீன் அதில் சுற்றிக்கொண்டு மாட்டும். எனக்கென்னவோ இந்த வலை இங்கே நிலைத்ததற்குத் தண்ணீருக்கடியில் இருக்கும் நிலமும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. கீழ்க்கயிறும் கனமும் இருந்தால் அது முதலில் போய்ச் சிக்குவது கல்லிலும் கட்டையிலும்தான். மேட்டூரின் அடியில் கல்லும் கட்டையும் ஏராளம். அங்கே ஊர்கள் இருந்தன.

அணை கட்டியபோது மூழ்கிய ஊர்க்காரர்கள் மேட்டுக்கு வந்து புது ஊர்கள் கட்டிக்கொண்டார்கள். கோயிலும் தேவாலயமும் கிணறும் வயல் வரப்பும் கீழேயே தங்கிவிட்டன. நீர்மட்டம் நன்றாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிக்கு எதிரே தேவாலயத்தின் கோபுரமும், ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் வெளியே வரும். நாளிதழ்களில் படம் வரும்; வெளியூர்க்காரர்கள் பார்க்க வருவார்கள். மீனவர்களுக்கு நீர் நிறைந்திருக்கும்போதும் அவை அங்கேயேதான் இருக்கின்றன. வலை போடும் இடங்களை அவர்கள் தண்ணீருக்கடியில் இருக்கும் பொருள்களின் பெயராலேயே சொல்கிறார்கள்: கோபுரத்துக்கு இந்தப் பக்கம், பழைய கிணற்று மேடு, ஆத்துப் பள்ளம். ஆத்துப் பள்ளம் என்றால் அணை வருவதற்கு முன் காவிரி ஓடிய தடம். கோடையில் எல்லா மீனும் கடைசியாக ஒதுங்கும் இடம் அது.

சாயங்காலம் என்னையும் பரிசலில் ஏற்றிக்கொண்டார்கள். அக்கா துடுப்புப் போட, அண்ணன் கரையிலிருக்கும் ஒரு பனைமரத்தையும் அதற்குப் பின்னாலிருக்கும் குன்றின் முனையையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து, வலக்கைப் பக்கம் வேறொரு அடையாளம் பார்த்துக்கொண்டு, "இங்கதான்" என்றார். கல் கட்டிய ஒரு கயிற்றை விட்டுப் பாகம் பாகமாகக் கைவிரித்து அளந்தார். ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி. ஆறு பாகம் போய்க் கயிறு தளர்ந்தது. கல் தரை தொட்டுவிட்டது.

நாளிதழில் வரும் எண் அணைச்சுவரின் அளவுகோல் கணக்கு. அணையிலிருந்து ஆற்றின் மேல்பக்கம் போகப் போகப் படுகை உயரும் என்பதால் பண்ணவாடியில் ஆழம் அதைவிடக் குறைவு. ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வேறு வேறு. ஆனால் ஒரு தடவை ஓர் இடத்தில் அளந்து, அன்றைய நீர்மட்டத்தோடு சேர்த்து மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். பிறகு எந்த நாளும் நாளிதழ் எண்ணைக் கேட்டுக் கூட்டிக் கழித்து அந்த இடத்தின் ஆழத்தைச் சொல்லிவிடலாம். அண்ணனிடம் இப்படி நினைவில் எத்தனை இடங்கள் இருக்கும் என்று கேட்டேன். அவர் கையை நீட்டி, வடக்கே ஒட்டனூர்ப் பக்கம் வரை காட்டினார்.

"இன்னிக்கு பதினஞ்சடி விட்டாப் போதுங்க தம்பி. வலை அதுக்குக் கீழ இறங்குனா அடியில ஒண்ணும் இருக்காது."

மிதவைக் கயிறுகளைப் பதினைந்தடிக்கு விட்டார். வலையின் மேல்கயிறு நீர்மட்டத்திலிருந்து பதினைந்தடி கீழே தொங்கும். அடிமண்ணுக்கும் வலைக்கும் நடுவே இடைவெளி. டவுன்ரிக்கர்க்காரர் எண்காட்டியைப் பார்த்து நிறுத்தும் அதே வேலையை அவர் மிதவைக் கயிற்றில் ஒரு முடிச்சால் செய்துமுடித்தார்.

அடியில் ஏன் ஒன்றும் இருக்காது? கோடை நீடித்து, காற்று ஓய்ந்த நாள்களில் மேல்நீர் சூடேறி இலேசாகி மேலேயே தங்கிவிடும். அடிநீர் மேலே வந்து காற்றைச் சந்திப்பதில்லை. கீழே படிந்த பாசியும் குப்பையும் மக்கும்போது அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். மேட்டூரின் தண்ணீரை ஆராய்ந்த எஸ். வி. கணபதி போன்ற நீரியல் அறிஞர்கள் சென்ற நூற்றாண்டின் நடுவிலேயே தென்னாட்டு நீர்த்தேக்கங்களின் இந்த மாற்றங்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். மிச்சிகன் சால்மன் குளிர் தேடிக் கீழே போகிறது. மேட்டூர்க் கெண்டை மூச்சு தேடி மேலே வருகிறது. இரண்டு ஏரியிலும் மீன் நிற்கும் தட்டை வகுப்பது வெப்பம்தான், திசைதான் வேறு.

மீனின் வாயைப் பார்த்தாலும் தட்டு தெரியும். கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறக்கும், அது மேல்நீரின் மிதவையுயிர்களைத் தின்னும். ரோகு நடுநீர். மிர்காலின் வாய் கீழ்நோக்கி இருக்கும். அடிமண் அதன் சாப்பாட்டுத் தட்டு. கெளுத்தியும் கல்பாசும் கீழேதான். வாளை எல்லாத் தட்டிலும் வேட்டையாடும். ஜிலேபி கரையோரம். ஆகவே மூன்று உயரத்தில் மூன்று வலை போடுகிறவர் மூன்று வகை மீனுக்குத் தனித்தனியாகத் திட்டமிடுகிறார். கண்ணி அளவை விரலை நுழைத்துப் பார்த்தே சொல்கிறார்கள். சிறுகண்ணி வலையைப் பற்றிப் பேச்சு வந்ததும் அக்கா துடுப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "குஞ்சு விடறது கெவுருமெண்டு. அதை அடுத்த மாசமே வழிச்சுட்டுப் போறவன் இங்கயேதான் இருக்கறான்." அந்தக் கோபம் நியாயமானது. ஒவ்வோர் ஆண்டும் மேட்டூர் மீன்பண்ணையில் வளர்த்த குஞ்சுகளை நீர்த்தேக்கத்தில் விடுகிறார்கள்; அவை கண்ணியளவுக்கு வளர விட்டால்தான் இத்தனை குடும்பங்கள் பிழைக்கும்.

விடிவதற்கு முன்னே வலை எடுக்கப் போனோம். அண்ணன் மேல்கயிற்றைப் பரிசலின் விளிம்பில் ஏற்றிக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்தார். முதல் பத்துப் பதினைந்து பாகத்துக்கு ஒன்றுமில்லை. பிறகு நூலில் ஒரு நடுக்கம். செவுளில் கண்ணி இறுகிய கட்லா ஒன்று, மூன்று கிலோ இருக்கும், வெள்ளிச் செதிலோடு மேலே வந்தது. அதை நூலிலிருந்து விடுவித்த விதம் பார்க்கவேண்டியது: செவுள் மூடியை ஒரு விரலால் தூக்கி, கண்ணியை முன்னே தள்ளித் தலைவழியாகக் கழற்றினார். ஒரு நூலும் அறவில்லை. அதற்குப் பிறகு ரோகு சில, அரஞ்சான் கொஞ்சம். வலையின் ஒரு பகுதி மட்டும் சாய்ந்து மேலேறிச் சுருண்டிருந்தது. இரவில் காற்றடித்திருக்கிறது, மிதவைகள் நகர, கனம் குறைந்த நடுப்பகுதி படுத்துவிட்டது. ஓடும் படகின் ஈயக்குண்டு பின்வாங்கி மேலெழும்புவதும் இதே காரணத்தால்தான். அங்கே படகு ஓடுகிறது, இங்கே தண்ணீர் ஓடுகிறது. ஆடிக் காற்றில் இது பெருந்தொல்லை, அந்த மாதத்தில் நடுவிலும் கனம் கூட்ட வேண்டியிருக்கும் என்றார்.

கட்லா காவிரிக்குச் சொந்த மீன் இல்லை. கோதாவரியிலிருந்து கொண்டுவந்து விட்டது. ரோகும் மிர்காலும் வடக்கிலிருந்து வந்தவை. காவிரியின் சொந்த மீன்களில் கடலிலிருந்து முட்டையிட மேலேறி வந்த உல்லம் ஒன்று. அதன் வழியை மறித்து அணை எழும்பியது. வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடும் அதே மீன். மேட்டூர்ப் பெரியவர்களிடம் உல்லத்தைப் பற்றிக் கேட்டால் இப்போது சொல்ல ஆளில்லை. அணை கொடுத்ததை மட்டும் எழுதி, எடுத்ததை விட்டுவிட எனக்கு மனமில்லை.

கரையில் மீனை எடை போட்டுக்கொண்டிருந்தபோது 2024 ஜூலையைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்த மாதத்தின் நடுவில் நீர்மட்டம் நாற்பது அடியைச் சற்றே தாண்டிக் கிடந்தது. குறுவைக்குத் தண்ணீர் திறக்கும் ஜூன் 12 சும்மாவே கழிந்துவிட்டது. காய்ந்த படுகையில் சோளமும் ராகியும் விதைத்திருந்தார்கள். கர்நாடகத்தில் மழை கொட்டி, ஜூலை 30 அன்று அணை 120 அடியைத் தொட்டது. இரண்டு வாரத்துக்குள் எழுபது அடிக்கு மேல்! வலைக்கணக்கு என்ன ஆயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதுவரை ஆத்துப் பள்ளத்தில் நெருங்கி நின்ற மீன் புது நீரோடு பத்துத் திசைக்கும் பரவிவிடும். காலையில் அளந்த ஆழம் மாலைக்குச் செல்லாது. மிதவைக் கயிறு போதாமல் மிதவையே மூழ்கிப்போகும். அந்த நாள்களில் பல பேர் வலையை விட்டுவிட்டு வரவேண்டியதாயிற்றாம்.

மிச்சிகனில் ஏரியின் அடித்தளம் மீனவரின் கணக்கில் மாறாத எண்; மாறுவது வெப்பத்தின் தட்டு மட்டும். மேட்டூரில் மேல்மட்டம், அடிவரை உள்ள ஆழம், மூச்சுவிடும் தட்டு எல்லாமே மாறும். குடகில் பெய்யும் மழை, கிருஷ்ணராஜசாகரிலும் கபினியிலும் திறக்கும் மதகு, நடுவர் மன்றத் தீர்ப்பு, டெல்டாவின் நாற்றங்கால் எல்லாம் சேர்ந்து ஒரு மிதவைக் கயிற்றின் நீளத்தை முடிவு செய்கின்றன. இதையெல்லாம் தலையில் வைத்துக்கொண்டு பதினைந்தடி என்று ஒரே மூச்சில் சொல்கிறவரை வெறும் கைத்தொழில்காரர் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீர்த்தேக்கத்தின் ஆழ வரைபடம் அரசாங்க அலுவலகத்தில் இருக்கலாம். நாள்தோறும் திருத்திய படி பரிசல்காரர்களிடம்தான் இருக்கிறது. வண்டல் எவ்வளவு படிந்திருக்கிறது என்று அறிய விரும்புகிறவர்கள் அவர்களையும் கேட்க வேண்டும். நாற்பது ஆண்டுக்கு முன் எட்டுப் பாகம் இருந்த இடம் இப்போது எத்தனை பாகம் என்று அவர்களால் சொல்ல முடியும்.

ஒரு விஷயம் மட்டும் என்னை உறுத்தியது. முதல் நாள் நிழலில் உட்கார்ந்திருந்தபோது அக்கா ஈயத் தகட்டை விரல் நீளத்துக்கு வெட்டி, கீழ்க்கயிற்றைச் சுற்றி மடித்து, முன்பல்லால் கடித்து இறுக்கினார். ஒன்று முடிந்ததும் அடுத்தது. மடித்த இடத்தில் பல் பதிந்த அச்சு பளபளவென்று தெரிந்தது.

"அக்கா, அதை வாயில வைக்காதீங்க."

"பழகிப்போச்சுங்க. குறடு எடுத்தா நேரமாவுது."

ஈயம் உடம்பில் சேர்ந்தால் வெளியே போவது மிக மெதுவாக. எலும்பில் தங்கி, கர்ப்ப காலத்தில் குழந்தைக்கும் போகும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இங்கிலாந்தில் ஏரிக்கரைத் தூண்டில்காரர்கள் போட்டுவிட்டுப் போன சிறு ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னங்கள் செத்ததால், 1987 முதல் 28.35 கிராம் வரையிலான பெரும்பாலான ஈயக்குண்டுகளின் விற்பனையை அங்கே தடைசெய்தார்கள். அங்கே அன்னத்துக்காகச் செய்ததை இங்கே வலை கட்டும் பெண்களுக்காகச் செய்யக்கூடாதா? இந்த நீர்த்தேக்கத்தின் தண்ணீரைத்தான் சேலம் குடிக்கிறது. தூண்டிலும் வலையும் அறுந்து அடியில் கிடக்கும் ஈயம் எவ்வளவு கரைகிறது என்ற ஆராய்ச்சி ஒருபக்கம் நடக்கட்டும். பல்லால் கடிக்கும் பழக்கத்தை நிறுத்த ஆராய்ச்சி வேண்டியதில்லை. உள்நாட்டு மீனவர்களுக்கு மானியத்தில் வலையும் பரிசலும் கொடுக்கும் திட்டங்கள் இருக்கின்றன. அந்த வலையோடு ஈயமில்லாத கனத்தையும் சேர்த்துக் கொடுத்தால் செலவு பெரிதாகாது.

மாமியார் காலத்தில் குயவர் சுட்டுத் தந்த மண்குண்டுதான் கட்டினோம் என்று அக்காவே சொன்னார். ஓட்டையோடு வரும், கயிற்றில் கோத்தால் போதும். உடைகிறது, பருமனாக இருப்பதால் வலையில் சிக்குகிறது என்று விட்டுவிட்டார்களாம். அவர் சொன்ன குறை உண்மையானதுதான். தண்ணீருக்குள் பாதி எடை போய்விடும் பொருளை இரட்டிப்பாகக் கட்ட வேண்டும். அது வேலையையும் இரட்டிக்கும்.

திரும்பும்போது மேட்டூரில் வலைச்சாமான் விற்கும் கடை ஒன்றில் ஏறி, ஈயத்துக்கு மாற்றாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் முதலில் இல்லை என்று தலையாட்டினார். மண்குண்டின் கதையைச் சொன்னதும் ஆர்வமாகிவிட்டார். "இரும்புல என்னங்க கெடுதல்?" என்றார். ஒரு கிலோ இரும்பு தண்ணீருக்குள் 870 கிராம் நிற்கும். ஈயத்துக்குக் கிட்டத்தட்ட சமம். துருப்பிடிக்கும், ஆனால் துருவால் யாருக்கும் விஷமேறாது. பையனை அனுப்பிப் பக்கத்து இரும்புக் கடையிலிருந்து பழைய நட்டுகளை ஒரு கைப்பிடி வாங்கிவரச் சொன்னார். நடுவிலேயே ஓட்டை இருப்பதால் கயிறு நுழைந்தது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு முடிச்சுப் போட்டதும் நட்டு நகராமல் நின்றது. கடிக்கவோ மடிக்கவோ ஒன்றுமில்லை. ஆறுமுக நட்டின் விளிம்பு கண்ணியை அறுத்துவிடும் என்று சந்தேகப்பட்டவரும் அவரேதான். வட்டமான வாஷர்களை நாலைந்தாகச் சேர்த்துக் கோத்துப் பார்க்கலாம் என்று அவரே வேறு வழியும் சொன்னார். தராசில் போட்டு, எத்தனை வாஷர் சேர்ந்தால் அக்கா கட்டிய ஒரு ஈயத் துண்டுக்குச் சமம் என்று எண்ணிக்கொண்டிருந்தார். சந்தை நாளில் பண்ணவாடிக்காரர்கள் வருவார்கள், அவர்களிடம் ஒரு வலையளவுக்குச் சும்மா கொடுத்துக் கட்டிப் பார்க்கச் சொல்கிறேன் என்றார். நான் பேருந்துக்குக் கிளம்பும்போது அவர் இரண்டாவது கயிற்றை அளந்து வெட்டிக்கொண்டிருந்தார்.